சளிப் பரிசோதனை முடிவும் என் பேரனும்: கோரிக்கை மனு

பெறுநர்: சுகாதார அதிகாரி அவர்கள், கோலாலம்பூர்

பொருள்: காசநோய்ச் சோதனை முடிவுகளை உடனே தெரிவிக்கவும், வீட்டிலுள்ள பிள்ளையைப் பரிசோதிக்கவும் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதைப் பற்றி முன்பு கொடுத்த புகார்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறேன். ஜாலான் ஈப்போ பக்கத்து அடுக்குமாடிகளைத் தாங்கள் அறிவீர்கள். டிங்கிக் காய்ச்சல் கொசுச் சோதனைக்குத் தங்கள் ஆட்கள் மாடி மாடியாக ஏறியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த புளோக்கின் சுவர்தான். அப்படிப்பட்ட வீட்டில் நாங்கள் இருவர், மகன், மருமகள், மூன்று வயதுப் பேரன்.

1. என் வீட்டுக்காரர் ஜாகா (காவல்) வேலை பார்ப்பவர், இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியதும் கிளினிக்குக்குப் போனோம். சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கிருமி இல்லை என்றார்கள். காசநோய்த் தொற்று உண்டா என்று தோலில் போட்டுப் பார்க்கும் மேண்டூ ஊசி போட்ட இடமும் வீங்கவில்லை. இருமல் மருந்தோடு அனுப்பிவிட்டார்கள்.

2. ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் அகப்படுமாம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் எங்கள் உறவுக்காரப் பெண் சொன்னாள். ஊசி போட்ட இடம் வீங்குவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியை ஏற்கெனவே அறிந்திருப்பதால். அந்தச் சக்தி தளர்ந்தவருக்கு நோய் இருந்தாலும் வீங்காமல் போகலாம். இனிப்பு நீரும் இருந்து, எடையும் இறங்கிய மனிதரிடம் இதை யோசிக்க வேண்டாமா?

அதே சளியைக் கல்ச்சர் வைத்ததில், அதாவது ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்ததில், கிருமி வளர்ந்திருந்தது. வளர ஆறு, எட்டு வாரம்கூடப் பிடிக்கும். அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வந்த முடிவு கோப்பிலேயே கிடந்ததே ஐயா! போன் நம்பர் கொடுத்திருந்தோம், ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த தேதிக்குப் போய் நாங்களாகக் கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தார்கள். அதுவரை பேரன் அவர் பக்கத்தில்தான் படுத்தான். தாத்தா இல்லாமல் தூங்கமாட்டான்.

3. இப்போது பேரனுக்கு மேண்டூ வீங்கியிருக்கிறது. "பிறந்தபோது போட்ட பிசிஜி தடுப்பூசியால் வீங்கியிருக்கலாம், பார்ப்போம்" என்கிறார்கள். பார்ப்போம் என்றால் எப்போது? ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்தக் கிருமி மூளை உறை வரைகூடப் போய்விடலாம். பிசிஜியால் குழம்பாத இரத்தச் சோதனை இருக்கிறது. அதுவும் தொற்று உண்டா என்று சொல்லுமே தவிர, நோயாக மாறிவிட்டதா என்று சொல்லாதாம். சரி, எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்க்கட்டும். நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தொடங்கட்டும். இப்படி வீட்டில் நோயாளி உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான்.

4. ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையை அந்த நிறுவனம் 2010-லேயே பரிந்துரைத்துவிட்டது. சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், காசநோய்க்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் காட்டும். எங்கள் பகுதியில் இருமலோடு வருபவர்களுக்கு இதை முதலிலேயே செய்யச் சொல்லுங்கள்.

5. முடிவு வந்தால் போன் செய்யச் சொல்லுங்கள். அவ்வளவுதான். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி காசநோயைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நோயாளியின் வீட்டுக்குச் சொல்ல மட்டும் நேரமில்லையா?

வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிடுகிறார், அதில் குறை இல்லை. பேரனைத்தான் பார்க்கச் சொல்கிறேன் ஐயா. தயவுசெய்து இந்த வாரமே ஒரு தேதி கொடுங்கள். அந்தத் தேதியையாவது போனில் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பேரனின் பாட்டி,
ஜாலான் ஈப்போ வட்டாரம்