‘காய்ந்த பலகை’ என்று எழுதிவிட்டால் காய்ந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தூங்குமூஞ்சி மரத்தை அகலமாக அறுத்துச் சாப்பாட்டு மேசை போடும் ஆசை பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பரவியிருக்கிறது. மலாய்க்காரர்கள் ‘புக்குல் லீமா’ என்று சொல்லும் அதே சாலையோர மரம்தான். விற்கும் பலகை மேல் சாக்பீஸால் ‘கெரிங்’ (மலாயில் ‘காய்ந்தது’) என்று எழுதியிருந்தால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மேற்புறம் காய்வதற்குச் சில வாரம் போதும். 2 அங்குலப் பலகையின் நடுப்பகுதி காய ஓராண்டுகூட ஆகலாம்.

ஈரப்பலகை வாங்குவதில் தவறில்லை, விலையும் குறைவு. ஈரம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். அறுத்த தேதியைக் கேளுங்கள். மரத்தின் நடுக்குருத்து ஓடும் பலகை எப்படியும் வெடிக்கும், அதை ஒதுக்குங்கள். கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே ஆணியோ கம்பியோ புதைந்திருக்கும். சாலையோர மரத்தில் இது சகஜம், இழைப்புளியின் வாய் போய்விடும். ஓரத்து வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து அதிகம், வண்டு அங்கேதான் துளைக்கும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைப் பலகை ஈரமாக இருக்கும்போதே பூசினால்தான் உள்ளே இறங்கும். மொத்தமாக வாங்குவோர் கவனிக்க: மர வியாபாரத்தில் ‘டன்’ என்பது எடை அல்ல, 50 கன அடி.

வீட்டுக்கு வந்த அன்றே இரு முனைகளிலும் மெழுகையோ கெட்டியான பெயின்டையோ தடிமனாகப் பூசிவிடுங்கள். பலகையின் முகத்தைவிட முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. முனை முதலில் சுருங்க, உட்பகுதி சுருங்க மறுக்க, முனையில் பிளவு விழுகிறது. இரண்டு நாள் கழித்துப் பூசிப் பயனில்லை.

அடுக்கும் இடம் நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். தரைவீட்டின் கார் போர்ச் போதும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மட்டம் பார்த்து, கனமான கட்டைகள் மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் இடையே 1 அங்குலச் சதுர ரீப்பர் கட்டை, ஒன்றரை முதல் இரண்டடிக்கு ஒன்று. ரீப்பர் ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்று வர வேண்டும். தப்பினால் பலகை அலை அலையாக வளையும். ரீப்பர் ஈரமாக இருந்தால் அதன் தடம் கறையாகப் பதியும், இழைத்தாலும் எளிதில் போகாது. மேலே சிமெண்டுக் கல் வையுங்கள். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக்கால் சுற்றுகிறவர்கள் பூஞ்சணம்தான் வளர்க்கிறார்கள். சீக்கிரம் காயட்டும் என்று பினாங்கின் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் போடுவது அதைவிட மோசம்.

ஈரமானியின் ஊசி மேற்புறத்தைத்தான் அளக்கும். 30 சதவீதத்துக்கு மேல் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். முனையிலிருந்து ஓரடி தள்ளி 1 அங்குலத் துண்டு வெட்டி, சமையல் தராசில் நிறுத்து, 103 டிகிரி செல்சியஸ் அவனில் எடை இறங்குவது நிற்கும்வரை காய வைத்து, மறுபடி நிறுங்கள். 260 கிராம் 200 ஆனால், குறைந்த 60ஐ 200ஆல் வகுக்க வேண்டும்: ஈரம் 30 சதவீதம்.

நம் ஊர்க் காற்றில் மரம் 15, 16 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கடினம். ஏர்கான் அறையில் 12க்கு வந்துவிடும். அதனால் போர்ச்சில் காய்ந்த பலகையை, மேசை போகவிருக்கும் அறையிலேயே ஒன்றரை மாதமாவது ரீப்பர் மேல் வைத்துப் பிறகு இழையுங்கள். தூங்குமூஞ்சி அதிகம் சுருங்காத ஜாதி: பச்சையிலிருந்து முழுதும் உலரும்வரை அகலவாக்கில் சுமார் 3.4 சதவீதம்தான். அடர்சிவப்பு மெராந்தி 8ஐத் தொடும். குளிர்நாட்டு அமெரிக்க எல்ம் 9.5. அப்படியும் 3 அடி அகலத் தூங்குமூஞ்சிப் பலகை 16லிருந்து 12க்கு இறங்கினால் 4 மில்லிமீட்டர் குறையும், மெராந்தி 9க்கு மேல். மேசையின் இரும்புக் கால்களை இறுக்கித் திருகினால் இந்த 4 மில்லிமீட்டருக்கே பலகை பிளக்கும். திருகுத் துளையை அகலவாக்கில் நீளமாக்கி, பெரிய வாஷர் போட்டு முடுக்குங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘கெரிங்’ என்பதை அழித்துவிட்டு, அதே சாக்பீஸால் அறுத்த தேதியை எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளர்கள் சிலர்,
பிறை, பினாங்கு