தொலைநோக்கியைக் குறை கூறும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் வெளியாகும் வானப் படங்களைப் பார்த்து ஆர்வம் கொண்டு புதிதாகத் தொலைநோக்கி வாங்குவோர், தாங்கள் எடுத்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததுமே சோர்ந்துபோகிறார்கள். புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீன் முட்டை வடிவிலோ, வால் முளைத்தோ, முக்கோணமாகவோ தெரிகிறது. உடனே லென்சு பழுது என்று முடிவுகட்டி, வாங்கிய இடத்திற்கே திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் லென்சின் மேல் குற்றம் இருப்பதில்லை. எந்த வடிவில் கோணுகிறது, படத்தின் எந்தப் பகுதியில் கோணுகிறது என்ற இரண்டையும் கவனித்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது மிக எளிய சோதனை. வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர்மேலே வானில் செல்லும் கோட்டுக்கு) அருகே உள்ள விண்மீன்கள் நொடிக்கு ஏறத்தாழ 15 வில்நொடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி) வீதம் நகர்கின்றன. அந்த நகர்வை, தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுன்ட் ஈடுகட்ட வேண்டும். ஒரே வானப்பகுதியை 2 நொடி எக்ஸ்போஷரில் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) ஒரு முறையும், 2 நிமிட எக்ஸ்போஷரில் ஒரு முறையும் எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் வட்டமாக உள்ள விண்மீன்கள் இரண்டாவதில் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தால், தொலைநோக்கியை விட்டுவிட்டு மவுன்ட்டைக் கவனிக்க வேண்டும். கிழக்கு மேற்காக நீண்டால் பற்சக்கரத்தின் சீரற்ற ஓட்டத்தையும் எடைச் சமநிலையையும், வடக்கு தெற்காக நீண்டால் துருவச் சீரமைப்பையும் (மவுன்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்துவதையும்) முதலில் சந்தேகிக்கலாம். ஒரு விண்மீனைத் துணைத் தொலைநோக்கியால் தொடர்ந்து கவனித்து மவுன்ட்டைத் திருத்துவதே கைடிங். அதன் வரைகோடு ஒழுங்காக இருந்தும் படம் நீள்கிறது என்றால், கைடு தொலைநோக்கி எனப்படும் அந்தத் துணைத் தொலைநோக்கியின் பிடிமானம் தளர்ந்திருக்கலாம். தொங்கும் கேபிள் இழுப்பதும் உண்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆடியின் திருகுகளில் கை வைப்பது, இருக்கும் சிக்கலோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதாகும்.

2 நொடிப் படத்திலும் கோணல் இருந்தால், நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் ஒப்பிட வேண்டும். நடுவில் கூர்மையாகவும் நான்கு மூலைகளிலும் ஒரே அளவு கெட்டும் இருப்பது பழுதே அன்று. அந்த ஒளியமைப்பின் இயல்பு. நியூட்டன் வகைத் தொலைநோக்கியின் பரவளைய ஆடி, நடுவிலிருந்து விலக விலக விண்மீன்களுக்கு வெளிநோக்கிய வால் ஒன்றைத் தருகிறது. கோமா எனப்படும் இக்குறை குவிய விகிதத்தின் (குவிய தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்து எஃப்/ என்று எழுதும் எண்) இருமடிக்கு எதிர்விகிதத்தில் கூடுவதால், எஃப்/8 ஆடியைவிட எஃப்/4 ஆடியில் நான்கு மடங்கு தெரியும். அதற்கென உள்ள கரெக்டர் என்ற திருத்து லென்சைப் பொருத்தினால் போதும். லென்சு வகைத் தொலைநோக்கியில் குவியும் பரப்பு வளைந்திருப்பதால், அதைத் தட்டையாக்கும் ஃபிளாட்னர் என்ற துணை லென்சு தேவைப்படுகிறது.

ஆனால் பலரும் இடறுவது அந்த ஃபிளாட்னரைப் பொருத்திய பிறகுதான். அதிலிருந்து கேமரா சென்சார் வரையிலான தூரம் பல ஃபிளாட்னர்களில் 55 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் மூலைகள் கெடும். சென்சார் கேமராவுக்குள் எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். இடையில் கண்ணாடி ஃபில்டர் வைத்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தூரத்தோடு கூட்ட வேண்டும்; 2 மில்லிமீட்டர் ஃபில்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். மெல்லிய ஸ்பேசர் வளையங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி. இடைவெளிப் பிசகு பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடி மிக நுட்பமாகத் தேய்க்கப்பட்டிருந்தும், அதைச் சோதித்த கருவியில் ஒரு லென்சு 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியிருந்ததால், விளிம்பு சுமார் 2 மைக்ரோமீட்டர் தட்டையாகிப்போனது. விண்மீன்களைச் சுற்றிப் படர்ந்த மங்கலான ஒளிதான் அதைக் காட்டிக்கொடுத்தது. 1993 டிசம்பரில்தான் அது சரிசெய்யப்பட்டது.

ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் கெட்டிருந்தால், எங்கோ சாய்வு இருக்கிறது என்று பொருள். கேமராவை மட்டும் 180 பாகை திருப்பி மறுபடி எடுங்கள். படத்தின் அதே மூலையில் கோணல் நின்றால் சாய்வு கேமராவில். எதிர்மூலைக்கு நகர்ந்தால் தொலைநோக்கியில். கேமராவின் எடையால் ஃபோகசர் (கேமராவைத் தாங்கிக் குவியத்தைச் சரிசெய்யும் பகுதி) தொய்வதை இவ்வகையில் அடிக்கடி காணலாம்.

படம் முழுவதும் விண்மீன்கள் முக்கோணமாகத் தெரிந்தால், ஆடியை மூன்று இடங்களில் பிடித்திருக்கும் கவ்விகள் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்; ஆடிக்கும் கவ்விக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தளர்த்தினால் தீரும். ஃபோகசரைக் குவியத்திற்கு உட்புறம் நகர்த்தும்போது விண்மீன் ஒரு திசையிலும், வெளிப்புறம் நகர்த்தும்போது அதற்குச் செங்குத்தாகவும் நீண்டால் அது அஸ்டிக்மாடிசம் என்ற ஒளியியல் குறை. தொலைநோக்கியை வெளியே வைத்து இரவுக் குளிருக்குப் பழகவிட்ட பிறகும், ஆடிகளைச் சீரமைத்த பிறகும் அது படத்தின் நடுவிலேயே தொடர்ந்தால், அப்போது தாராளமாக விற்றவரிடம் போகலாம். பளிச்சிடும் விண்மீன்களைச் சுற்றி நான்கு கதிர்கள் நீள்வதைப் பழுது என்று எண்ண வேண்டாம். துணை ஆடியைத் தாங்கும் தகடுகளின் வேலை அது.

கோணலான விண்மீன்களை வட்டமாக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. அவற்றை நான் வெறுப்பவன் அல்லன். ஆயினும் ஒரு ஸ்பேசரால் தீரும் குறையை அவற்றைக் கொண்டு மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியாகும் வானப் படங்களில் பல, கெட்ட மூலைகளை வெட்டி எறிந்த பின்னரே அச்சேறுகின்றன. அதை அறியாத புதியவர், தம் முழுப்படத்தின் மூலையை அவற்றோடு ஒப்பிட்டு ஏமாற்றம் அடைகிறார். எனவே ஒவ்வொரு படத்தின் கீழும் குவிய தூரம், எக்ஸ்போஷர் நேரம், வெட்டப்பட்டதா என்ற மூன்று விவரங்களையேனும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வானப் புகைப்பட ஆர்வலர் ஒருவர்