காமகுரால குடை குடுத்த பாட்டிக்கு நன்றி

போன ஜூன்ல அம்மாவ கூட்டிட்டு டோக்கியோல இருந்து காமகுரா போயிருந்தேன், ட்ரெயின்ல ஒரு மணி நேரம் தான், காலைல போய்ட்டு சாயங்காலம் திரும்பிடலாம்னு பிளான். எனோடென் ட்ரெயின்ல ஹசே ஸ்டேஷன் வந்து இறங்கும்போதே மழை பிடிச்சிருச்சு, அம்மாவுக்கு முட்டி வலி வேற, ஒரு கடை வாசல்ல ஒதுங்கி நின்னோம்.

அப்போ ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், பேச்சே இல்லாம தன் குடைய அம்மா கைல குடுத்துட்டு பையில இருந்து சின்ன மடக்கு குடைய எடுத்து விரிச்சாங்க. அப்புறம் தான் "தைபுட்சு?"ன்னு கேட்டாங்க, பெரிய புத்தர பாக்கவான்னு அர்த்தம். அந்த புத்தர் இருக்குற கோதொகு-இன் கோயில் வரைக்கும் அம்மா நடைக்கு ஏத்த மாதிரி மெதுவா கூடவே வந்தாங்க, படி வந்தா நின்னு கைய நீட்டுவாங்க.

1252ல வார்க்க ஆரம்பிச்ச வெண்கல புத்தர், 11 மீட்டருக்கு மேல உயரம். சுத்தி இருந்த மண்டபம் போய் 500 வருஷத்துக்கு மேல ஆச்சு, வெயிலோ மழையோ வெட்டவெளில தான் உக்காந்திருக்கார். கன்னத்துல பச்சை பச்சையா கோடு, அது மேல மழைத்தண்ணி வழியுது, அம்மா கைகூப்பி நின்னவங்க நகரவே இல்ல.

குடைய திருப்பி குடுத்தா ரெண்டு கையாலயும் தள்ளிட்டாங்க, குனிஞ்சு வணங்கிட்டு கிளம்பிட்டாங்க. பேர் கூட கேக்கல. அந்த குடைய பிடிச்சுட்டு தான் ஹசேதேரா கோயில்ல ஹைட்ரேஞ்சியா பூ எல்லாம் பார்த்தோம், மழைல அந்த நீலம் அவ்ளோ அழகு.

ரொம்ப நன்றி பாட்டி. குடை அம்மாகிட்ட பத்திரமா இருக்கு.