அந்தப் போத்தல் மாவை வாங்காதே, பிள்ளை

அன்பு மகளுக்கு,

நேற்று ரெலிபோனில் "அப்பா, கிறேப் மா போத்தலில் விற்கிறான், பாலை விட்டுக் குலுக்கினால் சரியாம், வாங்கட்டோ?" என்று கேட்டாய். கிறேப் கடை வேலைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில் வேண்டாம் என்று மட்டும் சொல்லிப்போட்டு வைத்துவிட்டேன். மிச்சத்தை இதில் எழுதுகிறேன். தமிழில் வாசிக்க உனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பரவாயில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ச்சோலைப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதுக்கு ஒரு பிரயோசனம் இருக்கட்டும்.

கிறேப் என்கிறது பிரெஞ்சுக்காரர் சுடுகிற மெல்லிய தோசை மாதிரி ஒன்றுதானே. அந்தப் போத்தலுக்குள் பெரிய மருந்தொன்றும் இல்லை. மா, சீனி, உப்பு, முட்டைத்தூள், அவ்வளவுதான். மாவைப் போத்தலில் அடைத்ததுக்குத்தான் காசு. உன்ர அலுமாரியில் கோதுமை மாவும் உப்பும் இருக்கும். பாலும் முட்டையும் பட்டரும் பிரிட்ஜுக்குள் இருக்கும். கிறேப்புக்கு இதுக்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

அளவு இதுதான்: மா 250 கிராம், முட்டை 3, பால் அரை லீற்றர், உருக்கின பட்டர் 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. சின்னத் தாச்சியில் பன்னிரண்டு, பதினைந்து வரும். உன்னட்டைத் தராசு இல்லையென்று தெரியும். யோகட் சாப்பிட்டுவிட்டு எறிகிற 125 கிராம் கிண்ணம் ஒன்றைக் கழுவி வை. அதால் பால் நாலு கிண்ணம், மா மூன்று கிண்ணமும் இன்னும் கொஞ்சமும். இங்கத்தைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் யோகட் கேக் செய்யப் பழகுவதும் இந்தக் கிண்ணக் கணக்கில்தான்.

மாப் பக்கெற்றில் 45, 55 என்று இலக்கம் போட்டிருக்கும். மாவை எரித்தால் மிஞ்சுகிற சாம்பலின் கணக்கு அது. இலக்கம் குறையக் குறைய மா வெள்ளையாய், தவிடு இல்லாமல் இருக்கும். கிறேப்புக்கு 45 நல்லது, 55 இருந்தாலும் காணும். இதுக்கென்று கடைக்கு ஓடாதே.

கலக்குகிற விதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறது. பாலை முழுக்க ஒரேயடியாய் ஊற்றிப்போட்டு மாவோடு சண்டை பிடிப்பார்கள். தண்ணீராய்ப் போன கலவைக்குள் கட்டி உடையாது, அடிக்கிற கம்பிக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டு திரியும். நீ மாவையும் உப்பையும் கோப்பையில் போட்டு, நடுவில் குழி பறித்து, முட்டையை அதுக்குள் உடைத்து ஊற்று. நடுவிலிருந்து வெளியே பார்த்துக் கிளறிக்கொண்டு வா. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாய் விடு. முதலில் நல்ல தடிப்பாய், கை நோகிற மாதிரி இருக்க வேணும். அந்தத் தடிப்பில்தான் கட்டி நசிபடும். வழுவழுப்பாய் வந்த பிறகு மிச்சப் பாலை விட்டால் பிரச்சினை இல்லை. அப்படியும் கட்டி இருந்தால் தேத்தண்ணி வடியால் வடித்துவிடு, ஆருக்குத் தெரியப் போகுது. பட்டரை உருக்கிக் கடைசியில் சேர். கலவைக்குள் பட்டர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தாச்சிக்கு எண்ணெய் பூசத் தேவையில்லை.

பிறகு மூடி வைத்துவிட்டு உன்ர படிப்பைப் பார். ஒரு மணித்தியாலமாவது அது கிடக்க வேணும். மா பாலைக் குடித்து ஊற வேணும், அடித்த அடியில் இறுகின பசைத்தன்மை இளக வேணும். உடனே சுட்டால் றப்பர் மாதிரி இழுபடும். இரவு கலக்கிப் பிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் சுட்டாலும் நல்லது. ஆனால் அது தடித்துப்போய் இருக்கும், சுடுமுன் கொஞ்சம் பால் விட்டு இளக்கு. அகப்பையைத் தோய்த்துத் தூக்கினால் அதன் முதுகில் மெல்லிய படையாய் ஒட்ட வேணும், அதுதான் பதம்.

இனிச் சுடுகிறது. நீ அம்மாவிடம் தோசை பழகின கை. அந்தக் கையை இதில் காட்டாதே. தோசைக்கு நடுவில் ஊற்றி அகப்பையால் வட்டம் போடுவோம். கிறேப் கலவையை அகப்பையால் தொட்டால் கிழியும். தாச்சியை அடுப்பிலிருந்து தூக்கி ஒரு கையில் பிடி, மற்றக் கையால் அரை அகப்பை ஊற்று, ஊற்றின கையோடு மணிக்கட்டைச் சுழற்றித் தாச்சியைச் சரி. கலவை தானாய் ஓடி வட்டம் போடும். கூடிப்போனால் கோப்பைக்குள் திருப்பி ஊற்றலாம்.

கடையில் நான் சுடுவது வேற விதம். அங்கே பிலிக் என்கிற வட்ட வார்ப்பிரும்புக் கல், 40 சென்ரிமீற்றர் அகலம். மரத்தால் செய்த றொசெல் என்ற கட்டையால் இழுத்துத்தான் பரப்புவது. கோப்பை கழுவப் போன எனக்கு அந்தக் கட்டையைக் கையில் தர முதலாளிக்கு நிறைய நாள் எடுத்தது. உனக்கு அந்த வித்தை வேண்டாம். வீட்டுத் தாச்சியில் கடைக் கிறேப்பை எதிர்பார்க்காதே, வீட்டுக் கிறேப் கொஞ்சம் மெத்தென்று, விளிம்பு ஒழுங்கில்லாமல் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சூட்டைக் காதால் பார். கலவை விழுந்தவுடன் 'சீ' என்று சத்தம் வர வேணும். சத்தமே இல்லாவிட்டால் தாச்சி காயவில்லை, கிறேப் வெளிறி ஈரமாய் வரும். சுழற்ற முதலே இறுகிவிட்டால் சூடு கூட. உன்ர அறையில் உள்ள மின்சார அடுப்பு சொன்னவுடன் கேட்காது, குறைத்தாலும் கன நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் அடுப்பைத் திருகிக்கொண்டு நிற்காமல் தாச்சியைத் தூக்கிப் பிடி. விளிம்பு சிவந்து தானாய்க் கிளம்பும்போது திருப்பு, ஒரு நிமிசம் போல ஆகும். மற்றப் பக்கத்துக்கு அதில் பாதி காணும். முதலாவது எப்பவும் கோணலாய்த்தான் வரும், அதைச் சுடுகிறவர் நின்றபடியே சாப்பிடலாம். சுட்டவற்றைக் கொதிதண்ணீர்ப் பானைக்கு மேலே ஒரு தட்டில் அடுக்கி மூடி வைத்தால் காயாது.

பெப்ரவரி 2, சாந்தெலர் வருகிறது. நத்தாரையும் சேர்த்து எண்ணினால் 40ஆவது நாள் வருகிற தேவாலயத் திருநாள், ஆனால் இங்கே சனத்துக்கு அது கிறேப் நாள். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கிறேப்பை எறிந்து திருப்பினால் வருசம் முழுக்கக் காசுக்குக் குறைவில்லை என்பார்கள். முந்திப் பொற்காசு பிடிப்பார்களாம். நீ ஐம்பது சதத்தோடு முயற்சி செய், ஸ்கொலர்ஷிப் வரட்டும்.

பட்டர் வாங்கினால் உப்புப் போட்டதாய் வாங்கு. எங்கட முதலாளி பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கிற பிறெத்தாஞ்காரர், உப்பில்லாத பட்டரைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். பழைய அரசர் காலத்தில் பிரான்சின் பெரும்பகுதியில் உப்புக்கு வரி அறவிட்டபோது அவர்களின் ஊருக்கு விலக்கு இருந்தது, அதனால் தாராளமாய் உப்புப் போட்டுப் பழகின நாக்கு. மோன்பர்னாஸ் தெருவில் ஏன் இவ்வளவு கிறேப் கடை என்று சின்னனில் கேட்பாய். பிறெத்தாஞ் ரயில் வந்து நிற்கிற ஸ்ரேசன் அதுக்குப் பக்கத்தில்தான். வேலை தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள் ஸ்ரேசனைச் சுற்றியே குடியேறிக் கடையும் போட்டார்கள். வீட்டு வேலைக்கும் மண் வெட்டவும் வந்த சனம், பாரிஸ்காரர் அவர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்ததாம். முதலாளி இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லுவார். அவர்கள் கலெத் என்கிற இனிப்பில்லாத கிறேப்புக்குப் போடுகிற கறுப்பு மா உனக்கு இப்ப வேண்டாம். அதில் பசைத்தன்மை இல்லை, சின்னத் தாச்சியில் திருப்ப முதல் உடையும்.

மேலே என்ன போடுவது என்பது உன்ர விருப்பம். சுடச்சுட உப்புப் பட்டரும் சீனியும் தூவி நாலாய் மடித்தால் எனக்குக் காணும். தேசிக்காய் பிழிந்தாலும் நல்லாயிருக்கும். அம்மா இதையெல்லாம் கணக்கெடுக்கமாட்டா. தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் வதக்கி ஏலக்காய் போட்டு உள்ளே வைத்துச் சுருட்டினால் எங்கட சுருளப்பம், அதுக்குப் பிறகு மற்றது எதுக்கு என்கிறா. உன்ர கூட்டாளிப் பிள்ளைகளுக்கும் அப்படி இரண்டு செய்து கொடுத்துப் பார்.

சனிக்கிழமை அம்மா பார்சல் போடுறா. சர்க்கரையும் ஏலக்காயும் அதில் வரும், தேங்காய்ப்பூ அங்கே குளிர்ப்பெட்டிக் கடையில் வாங்கு. உன்ர தட்டைத் தாச்சி அடி வளைந்திருக்கிறதோ, சுரண்டுப்பட்டிருக்கிறதோ என்று பார்த்து வெள்ளிக்கு முன் சொல்லு. 24 சென்ரிமீற்றர் ஒன்று வாங்கி அதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா