நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டு ஆய்வுக்கு விதை நிதி: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

விதை நிதிக் குழுவின் தலைவர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்), கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு பற்றிய ஆய்வைத் தொடங்க விதை நிதியாக நீங்கள் ஒதுக்கும் சிறு தொகை பல நேரம் ஓர் இயந்திரமாக மாறித் துறையின் அலமாரியில் உட்கார்ந்துவிடுகிறது. பழியை ஆசிரியர்கள் மேல் மட்டும் போட முடியாது. 'உபகரணம்' என்ற தலைப்பில் எழுதினால் தணிக்கைக்குச் சிக்கலில்லை. 'மதிப்பூதியம்', 'பெற்றோர் பயணப்படி' என்று எழுதினால் கேள்வி மேல் கேள்வி. ஆனால் இந்தத் துறையில் அளவுகோலைப் பிடிப்பது பயிற்சி பெற்ற ஓர் ஆள். அந்த ஆளுக்குப் பணம் இல்லையென்றால் ஆய்வே இல்லை.

ஒரு கணக்கு பாருங்கள். ஆட்டிசம் சான்றிதழுக்குப் பயன்படும் ஐசா (ISAA) என்ற இந்திய அளவுகோலில் 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது. ஒரே குழந்தையைப் பார்க்கும் இருவர் நான்கு கூற்றுகளில் மட்டும் ஒரு மதிப்பெண் மாறினால் 104 என்பது 108 ஆகிவிடும், வகையே மாறிவிடும். எனவே பதிவு செய்த காணொளியை இரண்டாவது ஆள், முதலாமவர் போட்ட மதிப்பெண்ணைப் பார்க்காமல், தனியாக மதிப்பிட வேண்டும். இதற்கு வரவுசெலவில் இடம் கேட்டால் 'இரட்டைச் செலவு' என்று வெட்டாதீர்கள்.

5 லட்சம் ரூபாயில் 60 குழந்தைகளோடு ஒரு முன்னோட்ட ஆய்வை நடத்தலாம். பகுதிநேரக் கள உதவியாளர் மாதம் 15,000 வீதம் 12 மாதத்துக்கு 1,80,000. மதிப்பீட்டாளருக்குக் குழந்தைக்கு 1,500 வீதம் 90,000. குடும்பங்களுக்கு இரண்டு வருகைக்கு, தலா 750 வீதம், 90,000. கேள்வித்தாளின் மொழியாக்கம், எதிர் மொழியாக்கம் (சரிபார்க்க மூலமொழிக்கே திருப்புவது), 30 பெற்றோரிடம் முன்சோதனை ஆகியவற்றுக்கு 40,000. காணொளிக் கேமராவும் கடவுச்சொல் பூட்டுள்ள வன்தட்டும் 35,000. 25 காணொளிகளின் இரண்டாம் மதிப்பீடு 25,000. புள்ளியியல் உதவிக்கு 20,000, நெறிமுறைக் குழுக் கட்டணம் 10,000, மீதி 10,000 கைச்செலவு. முழுநேர ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) ஒருவரை வைத்தால் 2023 முதல் உள்ள மாதம் 37,000 வீதத்தில் ஓராண்டுக்கு வீட்டு வாடகைப்படி இல்லாமலே 4,44,000 போய்விடும். மற்றதற்குக் காசு மிஞ்சாது.

அந்த 750 ரூபாயில் கை வைக்க வேண்டாம். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லையே என்று யாராவது சொல்லக்கூடும். கூட்டமும் ஹாரன் சத்தமும் தாங்காத குழந்தையை அந்தப் பேருந்தில் ஏற்ற முடியாது, ஆட்டோதான். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அரைநாள் கூலியும் போகும். இதைத் தராவிட்டால் வசதியுள்ள, ஊருக்குள் இருக்கும் குடும்பங்கள் மட்டுமே இரண்டாம் முறை வரும். முடிவு அப்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்தது மாதிரி அளவு. ஒரு சோதனைக் கேள்வித்தாள் ஆட்டிசம் உள்ள 100 பேரில் 85 பேரைக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்த்து, கூடக் குறைய 10 புள்ளிக்குள் அதை உறுதிசெய்ய நினைத்தால், ஆட்டிசம் உள்ள 49 குழந்தைகள் தேவை. 5 புள்ளிக்குள் வேண்டுமென்றால் 196. பொதுமக்களிடையே நூற்றுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் அந்த 49 பேரைப் பிடிக்கவே சுமார் 4,900 குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். விதை நிதியால் இது நடக்காது. ஆகவே சிகிச்சை மையங்களிலிருந்துதான் குழந்தைகளைச் சேர்க்க நேரும். அங்கே அறிகுறி பளிச்சென்று தெரிபவர்களே வருவார்கள் என்பதால் கேள்வித்தாள் உள்ளதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். இதை விண்ணப்பதாரரே எழுதியிருந்தால் அவருக்குக் கூடுதல் மதிப்பெண் போடுங்கள். 'மாவட்டம் முழுதும் பரவல் விகிதம் கண்டறிவோம்' என்று 5 லட்சத்துக்கு எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். இன்க்ளென் என்ற ஆய்வு அமைப்பு நடத்தி 2018இல் வெளியான நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டு ஆய்வு பல்வல், காங்ரா, டேங்கனால், வடகோவா, ஹைதராபாத் என்று ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளைப் பார்த்தது. அதுதான் பரவல் ஆய்வின் அளவு. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை என்பதும் உங்கள் மேசைக்கு வர வேண்டிய செய்தி.

கேள்வித்தாளில் எங்கே சறுக்கும் என்பதற்கு, ஆட்டிசம் அறிகுறியைப் பெற்றோரிடம் கேட்டறியும் எம்-சாட்-ஆர் (M-CHAT-R) நல்ல உதாரணம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விகள். பதினேழில் 'இல்லை' என்ற பதில்தான் ஆபத்தைக் குறிக்கும். 2, 5, 12ஆம் கேள்விகளில் மட்டும் 'ஆம்'. பதிவு செய்பவர் இந்த மூன்றைத் திருப்பிப் போட மறந்தால், எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கும் 3 மதிப்பெண் விழும். 3 முதல் 7 வரை என்றால் நடுத்தர ஆபத்து, தொடர் நேர்காணல் தேவை. அதாவது வந்த எல்லோரையும் வீணாகப் பயமுறுத்தியிருப்போம். கணினியில் ஏற்றிய முதல் பத்துத் தாளை வேறொருவர் கையால் சரிபார்க்கச் சொல்வது உங்கள் விதியாக இருக்கட்டும்.

இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் கருவி) வாங்கத்தான் வேண்டும் என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வரும் பிள்ளையை என்ன செய்வீர்கள்? எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனைத் தடை ஏறி, சமிக்ஞை கெடும். முந்தைய நாள் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் அழைத்துவரச் சொல்ல வேண்டும். மின்முனைத் தொப்பியைத் தலையில் வைக்கவே விடாத குழந்தைக்கு வீட்டில் பழகிக்கொள்ள ஒரு பழைய தொப்பி கொடுத்தனுப்ப வேண்டும். பதில் தெரிந்தவருக்கு இயந்திரம் கொடுக்கலாம்.

காலக்கெடுவில் உங்கள் நடைமுறையே ஆய்வைக் கொல்கிறது. அக்டோபரில் ஆணை, ஜனவரியில் பணம், மார்ச் 31க்குள் பயன்பாட்டுச் சான்று என்றால் இயந்திரம் வாங்குவதைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாது. நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்த நாளிலிருந்து 18 மாதம் என்று கெடுவை மாற்றுங்கள். மருத்துவக் கல்லூரி இல்லாத பல்கலைக்கழகங்களில் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்ற நெறிமுறைக் குழு இல்லையென்றால், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியோடு ஒப்பந்தம் போடுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாக அலையக் கூடாது. பெற்றோரின் ஒப்புதலோடு 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவும் தேவை என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறை சொல்கிறது. பேசாத பிள்ளை எப்படி இசைவு தரும், எப்படி மறுக்கும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பரிசோதனையில் சந்தேகம் எழும் குழந்தையை எங்கே அனுப்புவீர்கள் என்பதும் அதே பக்கத்தில் வேண்டும். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தின் கடிதம் இல்லாமல் பணம் விடுவிக்காதீர்கள்.

முடிவில் ஆய்வுக்கட்டுரை கேட்காதீர்கள். குழுவுக்கு 20 பேர் வைத்து ஒரு சிகிச்சையின் பலன் அளவு (இரு குழுவின் சராசரி வேறுபாடு, திட்ட விலக்கக் கணக்கில்) 0.5 என்று வந்தால், அதன் 95 சதவீத நம்பக எல்லை -0.13இலிருந்து 1.13 வரை போகும். பூஜ்யமும் இதற்குள் இருப்பதால் பலன் உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அதை வைத்துக் கட்டுரை எழுத வைப்பது பொய் சொல்லப் பழக்குவது. எத்தனை குடும்பங்களை அழைத்தீர்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை வந்தார்கள், எந்தக் கேள்வி காலியாக விடப்பட்டது, இரு மதிப்பீட்டாளர் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்ற ஐந்து கேள்விகளுக்கு நான்கு பக்கத்தில் பதில் வாங்குங்கள். ஐசிஎம்ஆரிடமோ தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப்பிடமோ பெரிய நிதி கேட்கும்போது கைகொடுப்பது அந்த நான்கு பக்கம்தான்.

பல்கலைக்கழகங்களின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) மதிப்பீட்டில் ஆசிரியர்களுக்குத் தரும் விதைப் பணத்துக்கு மதிப்பெண் உண்டு என்பதும், அதற்காகவே ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று பிரித்துக் கொடுப்பதும் ஊரறிந்தது. பத்துப் பேருக்குப் பிரிக்கும் அந்தத் தொகையை ஒரு குழுவுக்குக் கொடுங்கள். அதே 5 லட்சம் நாக் கணக்கிலும் அப்படியே நிற்கும். தேர்வுக் குழுவில் ஒரு பேச்சுச் சிகிச்சையாளரையும், ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவரையோ பெற்றோரையோ சேர்த்து, அடுத்த அழைப்பை ஜூனிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் ஆய்வில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்களும் சிகிச்சையாளர்களும்