சார்லஸ் நைட்டின் தொல்விலங்கு ஓவியங்கள்: உறுப்பினர்களுக்கு ஓர் அறிவிப்பு

அனைவருக்கும் வணக்கம். இந்த மாதம் நம் குழுவில் அமெரிக்க ஓவியர் சார்லஸ் நைட்டின் படங்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்று கருதுகிறேன். 1874-இல் புரூக்ளினில் பிறந்த அவருக்கு இயல்பிலேயே பார்வைக் குறை இருந்தது; சிறுவயதில் பட்ட கல்லடியில் வலக்கண்ணும் பழுதானது. அந்த நிலையிலும், முகத்தைத் திரைச்சீலைக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, இன்றைய மனிதர் எவரும் கண்டிராத, அழிந்துபோன விலங்குகளை வாழ்நாள் முழுவதும் வரைந்தார்.

அவர் எடுத்த எடுப்பில் வண்ணம் தீட்டுபவர் அல்லர். எலும்புக்கூட்டைப் பார்த்து, அதன்மேல் தசை எப்படிப் படிந்திருக்கும் என்று கணித்து, சிறிய களிமண் உருவம் செய்து, அதை வெயிலில் வைத்து நிழல் விழும் விதத்தைக் கவனித்த பிறகே தூரிகையை எடுப்பார். உயிரியல் பூங்காக்களில் உயிருள்ள விலங்குகளை இடைவிடாமல் வரைந்து பெற்ற பயிற்சியே இதற்கு அடிப்படை.

1897-இல் அவர் வரைந்த படத்தில் ஒரு டைனோசர் மல்லாந்து கிடக்க, மற்றொன்று அதன்மேல் பாய்கிறது. டைனோசர்களை மந்தமான பிராணிகளாகவே பலரும் எண்ணிய காலத்தில் வந்ததால், எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் அவருடைய 28 சுவரோவியங்களும் உண்டு.

எலும்பிலிருந்து தொடங்கும் நைட்டின் இந்த வழிமுறை, கற்பனை உயிரினங்களை வரைபவர்களுக்கும் பொருந்தும்; சிறகுள்ள சிங்கத்தை வரைபவர், அச்சிறகின் தசை தோளில் எங்கே தொடங்குகிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆகவே, நீங்கள் வரைந்த படத்தைப் பகிரும்போது அதன் எலும்பு அமைப்பின் கோட்டோவியத்தையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.