பிறீசரைக் காலி செய்து தந்த தம்பிக்கு

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊருக்குள் வெள்ளம் வந்த இரவைப் பற்றி ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. படகோடு வந்தவர்கள், பாடசாலையில் சமைத்துப் போட்டவர்கள், சேறு வழித்தவர்கள், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய பிள்ளைகள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஆனால் இந்த மடல் சந்தியடி ஐஸ்கிறீம் கடைத் தம்பிக்கு.

ஊர் வரலாற்றுக்கென்று வாசிகசாலை அலுமாரியில் சேர்த்த பெமிற்றுகள் (அரசு கொடுத்த காணி அனுமதிப் பத்திரங்கள்) அத்தனையும் ஊறிக் கிடந்தன. குளக்கட்டு வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்ததைப் புத்தகங்களிலும் படிக்கலாம். குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிய குடும்பங்கள் இந்தத் தாள்களில்தான் இருக்கின்றன. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த தாள்கள் இவை. துண்டு இலக்கம், வயல் எவ்வளவு, மேட்டுக்காணி எவ்வளவு, பின்னுரித்தாளர் (அடுத்து காணிக்கு உரித்தாகிறவர்) யார், எல்லாம் இவற்றில் இருக்கும்.

ஈரக் கடதாசியில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்குள் இவ்வளவையும் உலர்த்த ஏலாது. உறைய வைத்தால் பூஞ்சணம் அப்படியே நிற்கும், மையும் மேலும் பரவாது. தம்பியிடம் அவரது பிறீசரில் இடம் கேட்டபோது, "எத்தனை நாளைக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. இருந்த ஐஸ்கிறீமை முகாமில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மூடியைத் திறந்து வைத்தார்.

வீட்டில் நனைந்த காணி உறுதி, பெமிற் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். ஒட்டிய தாள்களை ஈரத்தோடு பிரிக்க வேண்டாம், கிழியும். சேற்றைத் தேய்க்கவும் வேண்டாம். இரண்டு அங்குலக் கட்டாக, சுத்தமான பொலித்தீனில் சுற்றி, பென்சிலால் எழுதிய அடையாளத் துண்டை உள்ளே வைத்து, பிறீசரில் போடுங்கள். பேனை மை கரைந்துவிடும். பிறகு ஒவ்வொரு கட்டாக வெளியே எடுத்து, குளிர் விட்டதும் பத்துத் தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத் தாள் செருகி, முதல் நாள் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள். மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் போதும். வெயில் மட்டும் ஆகாது. தாள் சுருண்டு முறுகும், மை வெளிறும். புகைப்படங்களைப் பிறீசரில் வைக்காமல், முகம் மேலே இருக்க நிழலில் உலர விடுங்கள்.

லெமினேட் செய்தால் பாதுகாப்பு என்று பலர் நம்பியிருந்தார்கள். அவைதான் மோசம்: வெட்டிய ஓரத்தால் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியின்றி உள்ளேயே கறுத்துவிட்டன. இனி எந்தப் பெமிற்றையும் லெமினேட் செய்ய மாட்டோம். உலர்ந்தவுடன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பிரதியை வேறு வீட்டில் வைப்போம். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், காணி கைமாறிய குறிப்புகள் அங்கேதான்.

இன்னும் மூன்று கட்டு உங்கள் பிறீசரில் கிடக்கிறது, தம்பி. தைப்பொங்கலுக்கு முன் எடுத்துவிடுகிறோம்.

வாசிகசாலை ஊர் வரலாற்றுக் குழு